வேலிக்கு வெளியே நின்று இலை கேட்பது எப்படி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் இருந்துகொண்டு காய்ந்த இலை, சருகு, பாளை, கொடி இவற்றில் வாழ்த்து அட்டை, கதவு வளையம், விளக்குக் கூடு என்று ஏதாவது செய்துகொண்டிருக்கிறேன். என் முற்றத்தில் இருப்பது ஒரு கறிவேப்பிலை, இரண்டு குரோட்டன்ஸ், மதில் ஓரம் கொஞ்சம் பெரணி, அவ்வளவுதான். மீதியெல்லாம் அடுத்தவர் விளையில், அதாவது தோட்டத்தில், முளைத்தது. கைவேலை பழக வருகிறவர்கள் எந்தப் பசை நல்லது, எந்தக் கத்தரிக்கோல் நல்லது என்று கேட்பது குறைவு. "எப்படிப் போய்க் கேட்பது? ஏசமாட்டார்களா?" என்பதுதான் முதல் கேள்வி. அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

முன்பின் தெரியாத வீட்டில் இலை கேட்டால் தப்பாக நினைக்க மாட்டார்களா?

நினைக்கிறவர்களும் உண்டு. ஆனால் குறைவு. நம் மாவட்டத்தில் பெரும்பாலான கிராமத்து வீடுகளைச் சுற்றிக் கொஞ்சமாவது மண் இருக்கும். தென்னை, மா, பலா, கமுகு, நாலு மூடு மரச்சீனி, மதிலில் ஏறிய நல்லமிளகு, வாசலில் சாடியில் குரோட்டன்ஸ். இவ்வளவையும் வளர்க்கிறவரிடம் வீட்டில் உள்ளவர்கள் பேசுவதெல்லாம் "இந்தக் காட்டை எப்ப வெட்டப் போற?" என்பதுதான். நீங்கள் போய் "இந்த இலை என்ன அழகா இருக்கு!" என்று சொன்னால் முகம் மலராமல் இருக்காது.

ஒன்றே ஒன்று. வெட்டித் தரச் சொல்லாதீர்கள், வெட்டிப் போட்டதைக் கேளுங்கள். நான் இவ்வளவு எழுதுவதும் அந்த ஒரு வரியைச் சொல்லத்தான். காலை ஏழு மணி வாக்கில் தெருவில் நடந்தால் எந்த முற்றத்திலும் துடைப்பத்தோடு ஒரு ஆள் இருப்பார். பெருக்கிக் கூட்டிய குவியலில் மஞ்சளும் சிவப்பும் பாதிப் பச்சையுமாகப் பலா இலை கிடக்கும். கடைசியில் அதை எரிக்கத்தான் போகிறார்கள். "அக்கா, இதை எரிக்கப் போறியளா? நாலு இலை பொறுக்கிக்கிடட்டா?" என்று கேட்டுப் பாருங்கள். இதற்கு இல்லை என்று சொன்னவரை நான் இன்னும் பார்க்கவில்லை. "இதையா? இது குப்பையில்லா!" என்பார்கள். அங்கிருந்து பேச்சு தானாக வளரும். அடுத்த வாரம் நல்ல கிளையாகப் பார்த்து அவர்களே ஒடித்து வைத்திருப்பார்கள்.

அதே மாதிரி தேங்காய் வெட்டுக்கு ஆள் வரும் நாள். ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வருவார். அன்றைக்கு மட்டை, கொதும்பு, பன்னாடை எல்லாம் மரத்தடியில் குவிந்து கிடக்கும். பன்னாடை வலை மாதிரி நெய்தே வருகிற பொருள். விளக்குக் கூட்டுக்கு அதைவிட நல்லது கடையில் கிடைக்காது. வெட்டுகிறவரிடம் முதலில் பேசி வைத்தால் எந்த வீட்டில் என்றைக்கு வெட்டு என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

எப்படிக் கூப்பிட வேண்டும்? நேரே உள்ளே போகலாமா?

கேட்டைத் திறக்காதீர்கள். நாய் இருக்கலாம், இருக்கும். வெளியே நின்று "வீட்ல ஆருண்டு?" என்று ஒரு குரல் போதும். பெரியவர் என்றால் பாட்டா, பாட்டி. நடுவயதுப் பெண் என்றால் அக்கா. நாகர்கோவிலுக்குக் கிழக்கே கடைக்காரர் முதல் ஆட்டோக்காரர் வரை அண்ணாச்சி. அவர்களே "கேறி வா மக்ளே" என்று சொன்ன பிறகு உள்ளே போனால் போதும். உள்ளே போனதும் செடியைத் தொடாதீர்கள். எந்தச் செடி என்று கையால் காட்டிக் கேளுங்கள்.

கையில் நீங்கள் செய்த ஒரு அட்டையோ புத்தக அடையாளச் சீட்டோ இருந்தால் விளக்கம் சொல்ல வேண்டிய வேலை மிச்சம். "இலையை வைத்து என்ன செய்வாய்?" என்ற கேள்விக்கு வாயால் பதில் சொன்னால் பாதிப் பேர் மருந்துக்கு என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள். அப்புறம் மூட்டு வலிக்கு எது நல்லது என்று கேட்பார்கள்.

எந்த நேரம் நல்லது?

இலைக்கும் ஆளுக்கும் காலைதான். ஏழிலிருந்து ஒன்பது. அப்போது இலையில் நீர் இருக்கும், வெட்டினால் சீக்கிரம் வாடாது. மாலை என்றால் நாலரை, ஐந்து. விளக்கு வைக்கிற நேரத்தில் போய் நிற்காதீர்கள். பொழுது சாய்ந்த பிறகு செடியைத் தொடக் கூடாது என்று நினைக்கிற வீடுகள் நிறைய. கிறிஸ்தவர்கள் அதிகம் உள்ள ஊர்களில் ஞாயிறு காலையும் வேண்டாம். ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், அல்லது வீடு பூட்டியிருக்கும்.

"எந்த ஊரு? யாரு வீட்டுப் பிள்ளை?" என்று தோண்டித் தோண்டிக் கேட்கிறார்களே?

கேட்பார்கள். பாதி உண்மையான விசாரிப்பு. உங்கள் பெரியம்மா மகளை அவர்கள் வீட்டுப் பையனுக்குக் கட்டிக் கொடுத்திருக்கலாம், அப்படி ஒரு சொந்தம் கண்டுபிடிக்காமல் இங்கே யாரும் விடுவதில்லை. மீதிப் பாதி சாதியைக் கண்டுபிடிக்கும் சுற்றுவழி. நான் ஊர்ப் பெயரையும் பக்கத்தில் உள்ள பள்ளிக்கூடத்தையும் சொல்லி நிறுத்திக்கொள்வேன். அதற்கு மேலும் துருவினால் "இந்தக் குரோட்டன்ஸ் எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு செடிக்குத் திரும்பிவிடும். திரும்பாத வீட்டு இலை எனக்கு வேண்டாம்.

ரோட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் கிளை பொதுச் சொத்துதானே?

இல்லை. மரம் யாருடையதோ கிளையும் அவருடையது. மண்ணில் நிற்கும் வரை செடி அசையாப் பொருள். வெட்டிய நொடியில் அது திருடக்கூடிய பொருளாகிவிடும் என்பது சட்டம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டம் 378-ஆம் பிரிவில் திருட்டுக்குச் சொன்ன முதல் உதாரணமே அடுத்தவர் நிலத்து மரத்தை வெட்டுவதுதான். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அது 303-ஆம் பிரிவு. நாலு செம்பருத்தி இலைக்கு யாரும் காவல் நிலையம் போகப் போவதில்லை, சரி. ஆனால் அதே தெருவில் நாளைக்கும் நடக்க வேண்டும். ரோட்டில் உதிர்ந்து கிடப்பதை எடுங்கள், அதை யாரும் கேட்க மாட்டார்கள்.

மணி பிளான்ட்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்கிறார்களே?

கேட்டு வாங்கினாலும் வளரும். கணு உள்ள துண்டாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கணு இல்லாமல் திருடினாலும் அழுகத்தான் செய்யும்.

பூட்டிக் கிடக்கும் வீடுகளில்?

இது நம் மாவட்டத்துக்கே உரிய கேள்வி. வீட்டுக்காரர் வளைகுடாவிலோ வேறு நாட்டிலோ இருப்பார். வீடு புதுசு மாதிரி இருக்கும், தோட்டம் காடு மாதிரி கிடக்கும். அலமண்டா ஜன்னலை மூடியிருக்கும், பெரணி கிணற்றை மூடியிருக்கும். பார்த்தாலே கை துறுதுறுக்கும். மதில் ஏறிவிடாதீர்கள். இப்போது பல வீடுகளில் கேமரா இருக்கிறது, துபாயில் இருந்துகொண்டே பார்ப்பார்கள்.

பக்கத்து வீட்டில் கேளுங்கள். சாவி பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். அல்லது வாரம் ஒருமுறை வந்து மோட்டார் போட்டுவிட்டுப் போகிற ஒரு உறவுக்காரர் இருப்பார். அவரிடம் சொன்னால் அவர் வெளிநாட்டுக்கு வாட்ஸ்அப்பில் கேட்டுச் சொல்வார். இப்படி ஒரு வீட்டில் அனுமதி கேட்டபோது "எடுத்துக்கோங்க, அப்படியே கிணத்து மேட்டையும் கொஞ்சம் செத்தி விடுங்க" என்று பதில் வந்தது. புல்லைச் செதுக்கிச் சுத்தம் செய்து கொடுத்தோம். இப்போது பெரணிக்கு நாங்கள் வேறெங்கும் போவதில்லை.

உள்ளே போகும்போது பக்கத்து வீட்டு ஆள் ஒருவரைக் கூட அழைத்துக்கொள்ளுங்கள். பின்னால் ஏதாவது காணாமல் போனால் பேச்சு உங்கள் மேல் வரக் கூடாது.

துளசி, வில்வம், கோவில் மரம்?

துளசியை எந்தக் கிழமையில் தொடலாம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். சிலருக்குச் செவ்வாய், வெள்ளி ஆகாது. துவாதசி அன்று பறிக்கவே மாட்டார்கள். வில்வத்தைத் திங்கள்கிழமையும் அமாவாசை, பௌர்ணமியும் தொட மாட்டார்கள். உங்களுக்கு இதில் நம்பிக்கை இருக்கிறதா இல்லையா என்பது இங்கே கணக்கில்லை. செடி அவர்களுடையது, கிழமையும் அவர்களுடையது.

சில விளைகளில் ஒரு மூலை மட்டும் வெட்டாமல் விட்டிருப்பார்கள். பெரிய மரம், கொடி, நடுவில் நாகர் சிலை. அது காவு. அங்கே உதிர்ந்த சருகைக் கூட எடுக்க வேண்டாம். வீட்டுக்காரரே எடுத்துக்கொள் என்றாலும் நான் எடுப்பதில்லை, பாட்டிமார் மனசு சங்கடப்படும். இசக்கியம்மன், சுடலைமாடன் நிற்கும் மரத்தடியும் அப்படித்தான். பிள்ளையார் அரச மரம் மட்டும் கொஞ்சம் தாராளம். உதிர்ந்த அரச இலையைப் பொறுக்கினால் பூசாரிக்கு முற்றம் சுத்தமாகும்.

காட்டில் போய் எடுக்கலாமே? பேச்சிப்பாறை, கீரிப்பாறைப் பக்கம் எவ்வளவு இருக்கிறது!

வேண்டாம். மாவட்டத்தின் மலைக்காட்டில் பெரும்பகுதி கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம், 400 சதுர கிலோமீட்டருக்கு மேல். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி இல்லாமல் அங்கிருந்து இலை, கொடி, பாசி எதையும் எடுத்து வரக் கூடாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பாறையில் ஒட்டிய பாசியைப் பிய்த்தால் அது திரும்ப வளர வருஷக்கணக்காகும், ஒரு கிறிஸ்துமஸ் குடிலுக்கு அது அதிக விலை. ஊருக்குள் இருக்கிற மதில்களே போதும்.

காட்டுச் செடி மாதிரி ஏதாவது வேண்டும் என்றால் உண்ணிச்செடிக் கம்பையும் குளத்து ஆகாயத்தாமரையையும் எடுங்கள். இரண்டும் வெளியிலிருந்து வந்து இங்கே இடத்தைப் பிடித்தவை. ஆகாயத்தாமரைத் தண்டைக் காயவைத்துப் பின்னினால் தட்டு, கூடை எல்லாம் வரும். அதைக் கேட்டால் ஊரே கூடி அள்ளித் தரும்.

ரப்பர் இலையில் வலை மாதிரி நரம்பு மட்டும் நிற்கிறதே, அதை எப்படிச் செய்வது? யாரிடம் கேட்பது?

குலசேகரம், அருமனை, திற்பரப்புப் பக்கம் உள்ளவர்களுக்கு இது ஓசியில் கிடைக்கிற பொக்கிஷம். டிசம்பர் கடைசியில் தொடங்கி பிப்ரவரி வரை ரப்பர் மரம் இலை உதிர்க்கும், தோட்டமே செம்புநிறமாகக் கிடக்கும். முதலாளியைத் தேடிப் போக வேண்டாம், பால்வெட்டுகிறவரைப் பாருங்கள். தோட்டத்தில் யார் வந்தார் போனார் என்பது அவருக்குத்தான் தெரியும், முதலாளி கேட்டாலும் அவரைத்தான் கேட்பார். விடியற்காலையில் வெட்டு, அப்புறம் பால் எடுப்பு. அந்த வேலையெல்லாம் முடிந்து அவர் ஒரு சாயா குடிக்க உட்காரும்போது பேசுங்கள். மரத்தில் கட்டியிருக்கும் சிரட்டையைத் தட்டிவிடாமல் நடக்க வேண்டும். அது ஒன்றுதான் அவர்கள் எதிர்பார்ப்பது.

ரப்பர் இலை ஒரு காம்பில் மூன்றாக வரும். புதிதாக உதிர்ந்த, ஓட்டை விழாத இலையாக எடுங்கள். நொறுங்குகிற அளவுக்குக் காய்ந்தது வேண்டாம். செய்வதற்கு இரண்டு வழி. முதல் வழி, வாளித் தண்ணீரில் ஊறப் போட்டு, சதை அழுகிக் கழன்று வரும் வரை விடுவது. வாரக்கணக்காகும், நாறும், வீட்டில் பேச்சு வாங்க வேண்டும். தண்ணீரை இடையிடையே மாற்றுங்கள், வாளியை மூடி வையுங்கள். கொசுப் புழு வளர்ந்தால் டெங்கு ஆய்வுக்கு வருகிற சுகாதாரப் பணியாளர் முன்னால் தலைகுனிய வேண்டியிருக்கும்.

இரண்டாவது வழி சலவைச் சோடா. எவர்சில்வர் பாத்திரத்தில் தண்ணீரோடு சோடா கலந்து, இலையைப் போட்டுச் சிறு தீயில் ஒன்று இரண்டு மணி நேரம் வைத்தால் சதை குழைந்துவிடும். அலுமினியப் பாத்திரம் கூடாது, சோடா அதை அரிக்கும். சமையலுக்கு எடுக்கும் பாத்திரமும் கூடாது. ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள். ஆறிய பிறகு நல்ல தண்ணீரில் அலசி, ஒரு தட்டில் இலையை விரித்து, மெல்லிய பல் துலக்கும் பிரஷால் நடு நரம்பிலிருந்து ஓரத்தை நோக்கித் தட்டித் தட்டித் தேய்க்க வேண்டும். இழுத்துத் தேய்த்தால் கிழிந்துவிடும். முதலில் செய்கிறவருக்குப் பாதிக்கு மேல் கிழியும், அதனால் நிறைய இலையோடு உட்காருங்கள். சதை போன பிறகு செய்தித்தாள் நடுவே வைத்து அழுத்திக் காயவிட்டால் சரி. வெள்ளையாக வேண்டும் என்றால் கொஞ்சம் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் முக்கி எடுத்து, மறுபடி நன்றாக அலச வேண்டும். சோடாத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றாதீர்கள்.

அரச இலைக்கும் இதே முறைதான். அதன் நரம்பு பலமானது, அதன் மேல் வண்ணம் தீட்டவும் முடியும்.

எங்கள் பக்கம் எப்போது பார்த்தாலும் மழை. அழுத்தி வைத்த இலையெல்லாம் பூஞ்சை பூத்துப் போகிறது.

நமக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு மழை, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இன்னொரு மழை. விளவங்கோடு, கல்குளம் பக்கம் இரண்டும் வஞ்சகம் இல்லாமல் பெய்யும். ஆகவே சேமிப்புக் காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. வருஷத்துக்குத் தேவையான இலையை அப்போதே அழுத்திவைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மழையில் செய்தே ஆக வேண்டும் என்றால் ஈரம் பட்ட இலையைப் பறிக்காதீர்கள். பறித்ததைத் துடைத்து, ஒரு மணி நேரம் விசிறிக் காற்றில் வையுங்கள். அப்புறம் செய்தித்தாள் நடுவே வைத்து மேலே பாரம். முதல் மூன்று நாள் காலையும் மாலையும் தாளை மாற்ற வேண்டும், பூஞ்சைக்குக் காரணம் இலையைவிட அந்த ஈரத் தாள்தான். வழவழப்பான வார இதழ்த் தாள் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது. ஒன்றிரண்டு வாரத்தில் இலை விறைப்பாகும். அவசரம் என்றால் இரண்டு தாள் நடுவே வைத்து, நீராவி இல்லாமல், குறைந்த சூட்டில் இஸ்திரி போடலாம். பெரணி அதற்கு நன்றாக ஒத்துழைக்கும். சேம்பு மாதிரி நீர் கோத்த இலை கருத்துப்போகும்.

காய்ந்ததைக் காற்றுப் புகாத டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டு போட்டு வையுங்கள். புதுச் செருப்பு, பை வாங்கும்போது உள்ளே கிடக்குமே, அதுதான். பலா, மகிழம் போன்ற தடித்த முற்றிய இலைகளுக்கு வேறு வழியும் உண்டு. ஒரு பங்கு கிளிசரின், இரண்டு பங்கு வெந்நீர். காம்பின் நுனியைக் கீறிவிட்டு அதில் நிறுத்திவைத்தால் சில வாரத்தில் நிறம் மாறி, தோல் மாதிரி வளைகிற இலை கிடைக்கும். அது நொறுங்காது.

என் மயினி வீடு ஆரல்வாய்மொழியில். ஆடி மாதக் காற்றில் அங்கே இலை காய்கிற வேகத்தைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும். ஒரே மாவட்டம், இங்கே துணி காயவில்லை, அங்கே துணி பறக்கிறது.

ஒரு செடியில் எவ்வளவு எடுக்கலாம்?

எடுத்த இடம் தெரியக் கூடாது. ரோட்டிலிருந்து பார்க்கும் பக்கத்தைத் தொடாமல் பின்பக்கத்தில் அங்கொன்று இங்கொன்றாக எடுங்கள். கையால் முறுக்கிப் பிய்க்காமல், கணுவுக்குச் சற்று மேலே, சுத்தமான கத்தரியால் சாய்த்து வெட்டுங்கள். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும்போது கத்தரியைத் துடைத்துக்கொள்ளுங்கள், செடி நோய் அதில்தான் பயணம் செய்யும்.

தென்னங்குருத்தை மட்டும் கேட்கவே கேட்காதீர்கள். தென்னைக்கு வளர்கிற முனை ஒன்றுதான், அதில் கை வைக்கச் சொன்னால் வீட்டுக்காரர் முகம் மாறுவது நியாயம். தோரணத்துக்குக் குருத்தோலை தேவைப்பட்டால், மரம் முறிக்கிற வீட்டில் விசாரித்து வையுங்கள்.

தொடக் கூடாதவை எவை?

அரளி: வேர் முதல் பூ வரை விஷம், இதயத்தைத் தாக்கும். தொடுவதால் விஷம் ஏறாது, ஆனால் சாறு சிலருக்குத் தோலை அரிக்கும். வேலை முடிந்து கை கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், குழந்தைகளிடம் கொடுக்காதீர்கள். எருக்கு, கள்ளிப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீரில் கால் மணி நேரமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் ஓடுங்கள், கைவைத்தியம் வேண்டாம். சேம்பு, டைஃபென்பாக்கியா இரண்டிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் உண்டு, சாறு பட்டால் அரிக்கும், வாயில் பட்டால் நாக்கு வீங்கும். கொல்லாம் (முந்திரி) மரத்தின் கொட்டைத் தோட்டில் உள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கும்.

குன்றிமணி பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மாலை கோக்க அழகாக இருக்கிறது என்று பலர் தேடுகிறார்கள். முழு விதையின் ஓடு கெட்டி. துளை போட்டால் உள்ளே இருக்கும் ஏப்ரின் என்ற கொடிய விஷம் வெளியே வர வழி கிடைத்துவிடுகிறது. குழந்தை இருக்கும் வீட்டில் வேண்டவே வேண்டாம். எனக்கு யாராவது அன்பாகக் கொடுத்தால் வாங்கி, பூட்டிய பெட்டியில் வைத்துவிடுவேன்.

பாம்பு, முசுறு?

சருகுக் குவியலில் கையை விடுவதற்கு முன்னால் கம்பால் கிளறுங்கள். விரியன் சருகு நிறத்தில்தான் இருக்கும். கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது எதுவும் வேண்டாம், நேரே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அருகில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ போங்கள். முசுறு என்கிற சிவப்பு எறும்பு மா, கொல்லாமரக் கிளைகளில் இலையைச் சேர்த்துக் கூடு கட்டும். கிளையை வளைக்கும் முன் மேலே ஒரு பார்வை.

இவ்வளவு எதற்கு, தோவாளையில் வாங்கிவிடலாமே?

கிலோக் கணக்கில் வேண்டும் என்றால் வாங்குங்கள். தோவாளைப் பூச்சந்தையில் விடியும் முன்பே வியாபாரம் சூடுபிடிக்கும். பூவோடு துளசி, மரிக்கொழுந்து மாதிரி வாசனை இலைகளும் வரும். கல்யாணப் பந்தலுக்கு வீடு வீடாக இலை கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

தோவாளைக்குப் போனால் மாணிக்கமாலை கட்டுகிறவர்களைக் கொஞ்சம் நேரம் நின்று பாருங்கள். வெள்ளை அரளி, சிவப்பு அரளி, பச்சைக்கு நொச்சி இலை. மூன்றையும் மடித்து மடித்து நாரில் தட்டையாகக் கோக்கிறார்கள். 2025-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இலையை எந்த அளவுக்கு மடித்தால் ஒடியாது என்று அந்த விரல்களுக்குத் தெரியும். நான் நொச்சி இலையை மதிக்கக் கற்றுக்கொண்டது அங்கேதான். அதுவரை அது கொசு விரட்டப் புகை போடும் செடி.

பண்டிகை நேரத்தில் யாரும் தருவதில்லையே?

அப்போது அவர்களுக்கே வேண்டும். ஓணத்துக்கு அத்தம் முதல் பத்து நாள் பூவில் யாரும் கை வைக்க விடமாட்டார்கள். இலை கேட்டால் கிடைக்கும், அதுவும் கொஞ்சம்தான், அத்தப்பூவில் பச்சை நிறத்துக்கு இலையைத்தான் நறுக்கிப் போடுகிறார்கள். சித்திரை விஷுவுக்கு முன்னால் கொன்றை பக்கமே போகாதீர்கள். டிசம்பரில் ஊருக்கு ஊர் குடில் கட்டும் இளைஞர்கள் பெரணியையும் புல்லையும் அள்ளிக்கொண்டு போவார்கள், பாதி மாதத்துக்கு மேல் மதில்கள் மொட்டை. கதவு வளையத்துக்கு வேண்டியதை நவம்பரிலேயே எடுத்து அழுத்திவிடுங்கள். ஜனவரி முதல் வாரம் குடில் பிரிக்கும்போது போய் நின்றால் பாதி காய்ந்த பெரணி சும்மா கிடைக்கும் என்பது ஒரு ரகசியம்.

ஆண்கள் தனியாகப் போய்க் கேட்கலாமா?

பகலில் பெண்கள் மட்டும் இருக்கும் வீட்டு வாசலில் தெரியாத ஆண் நின்றால் அவர்கள் தயங்குவது இயல்புதான். அம்மாவையோ அக்காவையோ ஒருமுறை கூட்டிப் போங்கள், அடுத்த முறை நீங்களே போகலாம். இல்லையென்றால் ஊர்ச் சாயாக்கடையில் தொடங்குங்கள். அங்கே ஒரு பாட்டாவிடம் பலா இலை வேண்டும் என்று சொன்னால் போதும், எந்த வீட்டில் எத்தனை பலா என்ற கணக்கோடு உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார்.

இலைக்குப் போனால் பேச்சு முடிய மாட்டேன் என்கிறது. எப்படிக் கிளம்புவது?

எனக்கும் அதுதான். சாயா வரும், மட்டிப்பழம் வரும், வெளிநாட்டுப் பேரன் படம் வரும். தனியாக இருக்கும் வயதானவர்கள் இங்கே நிறைய. அவர்களுக்கு இலை ஒரு சாக்கு. நேரம் இருந்தால் உட்காருங்கள், அங்கேதான் செடிகளைப் பற்றி எங்கும் எழுதப்படாத விஷயங்கள் கிடைக்கும். நேரம் இல்லையென்றால் "பாட்டி, இலை வாடீரும்" என்று சொல்லி எழுந்துவிடலாம். செடி வளர்க்கிற யாரும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

திருப்பி என்ன கொடுப்பது? விற்பனைக்குச் செய்கிறவர் பணம் கொடுக்க வேண்டாமா?

இரண்டு மூன்று கைப்பிடிக்குப் பணம் நீட்டினால் கோபித்துக்கொள்வார்கள். அவர்கள் வீட்டு இலையிலேயே ஒரு அட்டை செய்து கொடுங்கள். அதைக் கண்ணாடி அலமாரியில் வைத்து, வருகிறவர்களிடமெல்லாம் "நம்ம பலா மரத்து இலை" என்று காட்டுவார்கள். உங்கள் செடியில் ஒரு கம்பு, ஒரு நாற்று கொண்டுபோனாலும் சரி. அவர்கள் பிளாஸ்டிக் கவரில் ஏதாவது கொடுத்து அனுப்பினால் பரவாயில்லை, பாத்திரத்தில் கொடுத்து அனுப்பினால் அதைக் காலியாகத் திருப்பாதீர்கள்.

மாதாமாதம் ஒரே வீட்டில் சாக்குக் கணக்கில் எடுத்து விற்கிறீர்கள் என்றால் அது வேறு கணக்கு. விலை பேசிக் கொடுங்கள். வேண்டாம் என்றாலும் கூலி மாதிரிக் கொடுங்கள், பொறுக்கிச் சேர்க்கும் அந்த அக்காவுக்கு அது கைச்செலவுக்கு ஆகும்.

தர மாட்டேன் என்று சொல்லிவிட்டால்?

"சரிக்கா" என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். காரணம் கேட்க வேண்டாம். அந்த வீட்டில் சாவு நடந்திருக்கலாம், போன வாரம் யாரோ ரோஜாவை வேரோடு பிடுங்கிப் போயிருக்கலாம். அடுத்த முறை பார்க்கும்போது சிரித்தால் போதும்.

கொண்டுவந்ததில் மிஞ்சியதை என்ன செய்வது?

உரக்குழியில் போடுங்கள். அரளியும் எருக்கும் இருந்தால் பிரித்து, ஆடு மாடு எட்டாத இடத்தில் மண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டும். எரிக்க வேண்டாம், அரளிப் புகையும் உடம்புக்கு ஆகாது.